ஆளில்லாத வீட்டுக்கு வந்த பார்சல்

"பார்சலுடன் வந்தோம். வீட்டில் யாரும் இல்லை. நாளை மீண்டும் வருவோம்."

கைப்பேசியில் இந்தச் செய்தி வந்தபோது சின்னவள் வீட்டில்தான் இருந்தாள். அதுவும் சும்மா இல்லை, வீட்டில் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தாள். காலையில் குளிக்கவில்லை. குழாயைத் திறக்கிற நேரம் பார்த்து ஆள் வந்துவிட்டால் என்ன செய்வது? கீழே இறங்கிப் பால் வாங்கவில்லை, அதனால் டீயும் இல்லை. மொட்டைமாடியில் காயப்போட்ட துணி அங்கேயே கிடந்தது. பார்சல் அனுப்புகிறவர்கள் காலைக்கும் மாலைக்கும் நடுவில் வருவோம் என்று பெரிய மனது பண்ணிச் சொல்லிவிடுகிறார்கள். காத்திருக்கிறவள்தான் ஒரு நாளைத் தூக்கி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

"அடப்பாவிகளா, இங்கதானே இருக்கேன்" என்றாள். உதடுதான் அசைந்தது, குரல் வரவில்லை. அந்த வீட்டில் யாரும் குரலெடுத்துப் பேசி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

செய்திக்குக் கீழே, எடுக்காத அழைப்பு ஒன்றும் இருந்தது. கைப்பேசியும் ஊமைதான். அதன் வாயை அடைத்ததும் அவள்தான்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, தலை பாதி நரைத்துவிட்டது, ஆனாலும் அந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் அவள் சின்னவள். அக்காவும் தங்கையுமாக இரண்டே பேர் இருந்த வீட்டில் இளையவள் என்பதால் வந்த பெயர். போன மழைக்காலத்தில் பெரியவள் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் மாறவில்லை. பெரியவள் இல்லாத வீட்டில் ஒருத்தி யாருக்குச் சின்னவள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

பெரியவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் அது அலங்காரத்துக்குத்தான். அவள் வாயைத் திறந்தால் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளை நிமிர்ந்து நிற்கும். தெருமுனையில் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டு அவள் வருவது வீட்டுக்குள் கேட்கும், கேட்டதும் சின்னவள் அடுப்பைப் பற்றவைப்பாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தங்கையை ஆளாக்கியது அந்தக் குரல்தான். முதல் சம்பளத்தில் அவள் தனக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை. தங்கைக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டாள். "தைச்சுக் கிழி" என்றாள். சின்னவள் தைத்தாள். இருபது வருஷம் அந்த வீட்டில் ஒரு பக்கம் மெஷின், இன்னொரு பக்கம் அக்காவின் வாய், இரண்டும் ஓயாது.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது மண்டைக்குள் ஏதோ ஒரு நரம்பைக் கெடுத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு பெரியவளுக்குச் சத்தம் என்றாலே வலி. பக்கத்து அறையில் ஒரு தட்டு விழுந்தால் கட்டிலில் சுருண்டுகொள்வாள். பார்க்காத டாக்டர் இல்லை. எல்லாரும் பெரிய பெயராக ஏதோ சொன்னார்கள், கடைசியில் எல்லாரும் சொன்னது, சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவள் பார்த்துக்கொண்டாள். நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றினாள். கதவு இடுக்கெல்லாம் பஞ்சுப் பட்டை ஒட்டினாள். ஜன்னல்களில் மெத்தை போலத் தடித்த திரைகளைக் கையாலேயே தைத்துத் தொங்கவிட்டாள். பாத்திரங்களுக்கு நடுவில் துணி வைத்து அடுக்கினாள். செருப்பை விட்டாள், ரேடியோவை யாருக்கோ கொடுத்தாள், ஸ்டூல் போட்டு ஏறி வாசல் மணியின் கம்பியைக் கழற்றிவிட்டாள். கடைசியில் மெஷினையும் விற்றாள். இரண்டு பேர் அதை மூச்சுப் பிடித்து, சத்தமில்லாமல், பிணத்தைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"வேற ஒண்ணு வாங்கித் தரேன்டி" என்று மூச்சுக்காற்றாகச் சொன்னாள்.

"முதல்ல நீ எழுந்து நில்லு. அப்புறம் வாங்கலாம்."

அவள் எழுந்து நிற்கவில்லை. சின்னவள் கடைத் தையல்காரரிடமிருந்து சட்டைகளை வாங்கிவந்து, பின்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டன் தைத்தாள், காஜா எடுத்தாள், ஓரம் மடித்தாள். ஊசிக்குச் சத்தமில்லை. அதில் கிடைத்ததில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

பெரியவளுக்குத் தன் குரலே மண்டைக்குள் இடித்ததால் கூப்பிட முடியாது. கட்டில் தலைமாட்டில் ஒரு ஸ்பூனை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஏதாவது வேண்டுமென்றால் அதை எடுத்துக் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டுவாள். டங், டங். அது மட்டும் வலிக்காதா என்று ஒருநாள் தங்கை கேட்டாள். "வலிக்கும். ஆனா எப்ப வரும்னு எனக்குத் தெரியுமில்ல" என்றாள். மூன்று தட்டு என்றால் போட்டது போட்டபடி ஓடி வா என்று அர்த்தம். மூன்று தட்டை அவள் கண்டபடி செலவு செய்யமாட்டாள். தாங்கவே முடியாதபோதுதான் கேட்கும்.

பெரியவள் போன பிறகும் அந்தச் சத்தம் போகவில்லை.

முதல் தடவை கேட்டபோது சின்னவள் ஊசியைப் போட்டுவிட்டு ஓடினாள். காலிக் கட்டில். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. ஸ்பூன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் கேட்டது, அடுத்த நாளும் ஓடினாள். சோறு இறங்கவில்லை, ஆள் பாதியானாள். குடும்ப டாக்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்குப் புண்ணியம். "இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்காகவே காது காத்துக்கிட்டு இருந்திருக்கும்மா. அதுக்கு இன்னும் விஷயம் தெரியலை. கேட்டா எழுந்திரிக்காதீங்க. நீங்க போகப் போகத்தான் அது கூப்பிடும். உட்கார்ந்தே இருங்க, தானா நின்னுடும்."

அவள் உட்கார்ந்திருக்கப் பழகினாள். டங் டங் என்று கேட்கும். மடியில் இருக்கும் துணியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், பல்லைக் கடித்துக்கொள்வாள், எழமாட்டாள். இது சுலபமான காரியம் என்று நினைக்கிறவர்கள் கூப்பிடுகிற அக்காவுக்குப் போகாமல் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும். நாள் ஆக ஆகச் சத்தம் குறைந்தது. வாரக்கணக்கில் கேட்கவில்லை. டாக்டர் சொன்னது பலித்துவிட்டது என்று அவள் நினைத்திருந்தபோதுதான் தையல்காரர் ஆளனுப்பி வரச்சொன்னார்.

அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். கழுத்தில் டேப்பும் காதில் பென்சிலுமாகவே பிறந்தவர் மாதிரி இருப்பார்.

"ஆஸ்பத்திரி ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. படுக்கை விரிப்பு, நர்சுங்க கோட்டு, வருஷம் முழுக்க வேலை" என்றார். "நீ மெஷின் போட்டா பாதி உனக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. இல்லேன்னா எதிர்க்கடைக்காரி வாயைப் பொளந்துட்டு நிக்கிறா, அவளுக்குக் குடுத்துடுவேன்."

"பட்டன் வேலை இருக்கே மாஸ்டர், அது போதும்."

"அது இல்லம்மா. பட்டனுக்கும் மெஷின் வாங்கிட்டேன், அடுத்த வாரத்துலேர்ந்து. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இருந்தேன்."

ஆக, மெஷின் வந்தால் பிழைப்பு, வராவிட்டால் ஒன்றுமில்லை. சின்னவள் வீட்டுக்கு வந்து, அக்காவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கைப்பேசியில் ஒரு மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தாள். ஏன் சாத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. திருடிபோல இருந்தது. எந்தச் சத்தத்தை அக்காவுக்காக வெளியே அனுப்பினாளோ, அதே சத்தத்தை அவள் இடம் காலியான சூட்டோடு உள்ளே கூப்பிடுகிறாள்.

அந்த மெஷினோடுதான் முதல் நாள் வந்து, ஆளில்லை என்று திரும்பிப் போனார்கள். அன்றைக்கு மத்தியானம்தான் அந்தச் சத்தமும் திரும்ப வந்திருந்தது. ஜன்னலோரம் கடைசிப் பட்டன்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். டங், டங். பஞ்சும் திரையுமாக அடைத்த வீட்டில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது, அதைப் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவும் இல்லை. துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை புகார் எண்ணுக்கு அழைத்தாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் பலமுறை சத்தியம் செய்தது. பாட்டுப் போட்டார்கள். காது சுட்டுப்போன பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சொல்லுங்க மேடம், என்ன உதவி வேணும்?"

"நேத்து நான் வீட்லதான் இருந்தேன். யாரும் வரலை. வீட்ல ஆளில்லைன்னு போட்டிருக்கீங்க."

"ஹலோ? மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. இருக்கேன்."

"ஹலோ? குரல் வரலை மேடம். கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

சின்னவள் சத்தமாகத்தான் பேசினாள். அவளுக்குத் தெரிந்த சத்தம் அவ்வளவுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றாள். "ஹலோ, எதிர்முனையில் யாரும் இல்லாததால் அழைப்பு துண்டிக்கப்படுகிறது, நன்றி" என்று அந்தப் பெண் மனப்பாடமாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டிலும் ஆளில்லை, லைனிலும் ஆளில்லை. சின்னவள் எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தாள். முகம் அங்கேதான் இருந்தது. ஆனால் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அது அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்குக் கைப்பேசியைக் கையைவிட்டு இறக்கவில்லை. அது ஒருமுறைகூட ஒளிரவில்லை. மத்தியானம் வெயில் ஜன்னலுக்கு வந்தபோது டங், டங். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டங், டங், இந்தத் தடவை கோபமாக. "வரமாட்டேன், வரக்கூடாதாம்" என்று முனகினாள். சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தபோது கையில் செய்தி இருந்தது.

"பார்சலுடன் வந்தோம். வீட்டில் யாரும் இல்லை. நாளை கடைசி முறை வருவோம். அதன் பிறகு பொருள் திருப்பி அனுப்பப்படும்."

அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. மெஷின் வருகிற நாளில்தான் அக்கா தட்டுகிறாள். தட்டியதும் மெஷின் திரும்பிப் போகிறது. படியேற வலித்து ஆட்கள் கீழே நின்றே பொய்ச் செய்தி அனுப்புகிறார்கள் என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அந்தத் திட்டெல்லாம் வாயிலேயே செத்துப்போனது. வாசலில் நின்று திருப்பி அனுப்புகிறவள் வேறு.

அக்காவின் அறைக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றாள். "பிடிக்கலைன்னா சொல்லிடுக்கா" என்றாள். "ஆனா நான் என்ன பண்றது? எனக்கு வேற என்ன தெரியும்?" அறை கம்மென்று இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷம் மூச்சைக்கூட அளந்து விட்டவளுக்கு இதுதானா என்று இருந்தது. பயமும் கோபமுமாக அறைக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை, நாற்காலியை முன்னறைக்கு இழுத்துப் போட்டு வாசல் கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். முதலில் கதவைத் திறந்துதான் வைத்தாள். மேல்மாடியில் யாரோ செருப்புச் சத்தத்தோடு இறங்கினார்கள், கை தானாகவே போய்க் கதவைச் சாத்திவிட்டது. சாத்திய பிறகுதான் சாத்தியது தெரிந்தது. மறுபடி திறக்க எழுந்தாள். மனசு வரவில்லை. மணி அடித்தால் கேட்காமலா போகும் என்று உட்கார்ந்துவிட்டாள். தன் கையால் கழற்றிய மணி என்பது அவள் நினைவில் எங்குமே இல்லை.

காலை போயிற்று. மத்தியானமும் போகப் பார்த்தது. வயிற்றில் ஒன்றுமில்லை. கதவைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது.

டங், டங்.

இந்தத் தடவை எங்கிருந்து என்பதில் சந்தேகமே இல்லை. முதுகுக்குப் பின்னால், அக்காவின் அறையிலிருந்து. சின்னவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், மெஷின் போய்விட்டது என்று நினைத்தாள். எழக்கூடாது. எழுந்தால் விடாது.

டங், டங், டங்.

மூன்று.

டாக்டரும் மெஷினும் மாஸ்டரும் எல்லாம் எங்கோ போய்விட்டார்கள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "இதோ வந்துட்டேன்க்கா" என்று கத்தினாள். அடிவயிற்றிலிருந்து வந்தது குரல். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருந்ததே மறந்துபோயிருந்தது. பெரியவள் மைதானத்தில் கத்துவாளே, அந்தக் குரல். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று அந்தச் சின்ன வீட்டை ஓடிக் கடந்து அறைக்குள் போய் நின்றாள்.

காலிக் கட்டில். சுருக்கமில்லாத விரிப்பு. ஸ்பூன் ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, பார்சல்" என்று வாசலுக்கு வெளியிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. "உள்ள இருக்கீங்களா?"

கதவைத் திறந்தாள். வெளியே இரும்புக் கிரில்லுக்கு அப்பால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நடுத்தர வயது, வியர்த்து வழிந்த சட்டை, கையில் வண்டிச் சாவி. பெட்டி ஒரு படி கீழே, இறங்குகிற பக்கம் பார்த்து இருந்தது.

"என்னம்மா நீங்க? மூணு நாளா மூணு மாடி ஏறி இறங்கறேன். உங்க பெல்லு செத்துப்போய் எவ்வளவு நாளாச்சு?"

சின்னவள் மணியைப் பார்த்தாள். அதன் கம்பி அவள் சுற்றி வைத்த மாதிரியே ஓரத்தில் மடங்கிக் கிடந்தது.

"போன் பண்ணா எடுக்கலை. இதால கிரில்லைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்" என்று அவர் சாவியால் கிரில்லில் தட்டிக் காட்டினார். டங், டங். "முந்தாநாள் தட்டினேன். நேத்து ரெண்டு தடவை தட்டினேன். ஆள் இருக்கிற அறிகுறியே இல்லை."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. இரண்டு நாளாக வாசலில் நின்று தட்டியது இந்த மனிதர். அதை அக்கா என்று நினைத்துக்கொண்டு அவள் பல்லைக் கடித்து உட்கார்ந்திருக்கிறாள். அக்கா யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

"இன்னிக்கு மூணு தட்டு தட்டினீங்களே, அதான் ஓடி வந்தேன்" என்றாள்.

"இன்னிக்கு நான் தட்டவே இல்லம்மா." அவர் பெட்டியைத் தூக்கக் குனிந்தபடி சொன்னார். "ரெண்டு நாள் தட்டிக் கை வலிச்சதுதான் மிச்சம். பெல்லை ஒரு அமுக்கு அமுக்கினேன், கதவைப் போட்டோ எடுத்தேன், பெட்டியைத் தூக்கிட்டு இறங்கிட்டேன். ஒரு படி இறங்கியிருப்பேன், வந்துட்டேன் வந்துட்டேன்னு நீங்க போட்ட சத்தத்துல பெட்டியையே கீழ போட்டிருப்பேன்."

சின்னவள் திரும்பி அக்காவின் அறையைப் பார்த்தாள்.

"கனமா இருக்கு. அக்கான்னு கத்தினீங்களே, உள்ள அவங்க இருக்காங்கல்ல, ஒரு கை பிடிக்கச் சொல்லுங்க."

"அவளால எழுந்திரிக்க முடியாது" என்றாள் சின்னவள். "நானே பிடிக்கிறேன்."

இரண்டு பேருமாகப் பெட்டியை உள்ளே கொண்டுவந்தார்கள். விழுந்து கிடந்த நாற்காலியைத் தாண்டும்போது அவர் அக்காவின் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, தண்ணீர்கூட வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டார்.

அவள் மாஸ்டருக்குப் போன் செய்தாள்.

"மெஷின் வந்துடுச்சு மாஸ்டர்."

"சரி சரி, கேக்குது. ஏம்மா இப்படிக் கத்தறே?"

மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து முன்னறை மேஜையில் வைத்தாள். நூல் கோத்தாள். ஒரு பழைய துணியை ஊசிக்கடியில் கொடுத்து மோட்டார் பெடலைக் காலால் மெல்ல அமுக்கினாள். வீடு முழுக்க அதிர்ந்தது. உடனே காலை எடுத்துவிட்டாள். பழக்கதோஷம், திரும்பி அறையைப் பார்த்தாள்.

"சத்தம் அதிகமா இருக்காக்கா?"

கேட்டுவிட்டு வெகுநேரம் காத்திருந்தாள். ஒரு தட்டுகூட வரவில்லை. இத்தனை நாள் அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்றுதான் தவம் கிடந்தாள். நின்றுவிட்டது என்று இப்போது தெரிந்தபோது அவளுக்குத் தாங்கவில்லை. மெஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாருக்கும் வலிக்காத வீட்டில், வாய்விட்டு அழுதாள்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துணியை நேராக வைத்தாள்.

"நீ சொன்ன மாதிரியே வாங்கித் தந்துட்டேக்கா" என்றாள், தைக்க ஆரம்பித்தாள்.